ஐந்து நாழிகை

— தொடாமல் ஏன் கோலால் தள்ளுகிறாய், றுஷ்னா? இந்தக் காலக் கூண்டுக்குள் நானே ஏறுவேன்.

— தொட விருப்பமில்ல, தளபதி. பெல்ட்டையும் நீங்களே கட்டுங்க. நானூறு வருஷம் பின்னால போகணும்.

— இந்த விடுதிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஒரு கிழமையாக என்னைத் தொட்டுத் தொட்டுப் படம் பிடித்தார்கள். என் கதையைக் கேட்டுக் கை தட்டினார்கள்.

— ஒங்கட கதைக்கு ஆர் தட்டின? நான் இங்கிலீசில மாத்திச் சொன்னதுக்குத்தான் தட்டினாங்க. குடிகளை விரட்டுறேன்ண்டு நீங்க சொன்னா, மன்னருக்காகக் கரையைக் காத்தாருண்டு நான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் வீட்ட போய் வாய் கொப்பளிச்சேன். அந்தப் பொய் போகல்ல.

— மன்னருக்காகத்தானே காத்தேன், பெண்ணே. நீ பொய் சொல்லவில்லை.

— இப்ப திரும்பிப் போன ஒடன என்ன செய்வீங்க?

— விட்ட இடத்தில் தொடங்குவேன். கண்டக்குழிக் குடிகள் பறங்கியரின் கப்பலுக்கு மீன் விற்றார்கள். கரை வெறுமையாக வேண்டும். மன்னர் ஆணை. பறை அறைவித்துவிட்டேன்.

— புள்ளைத்தாச்சிகளும் போகணுமா?

— எல்லோரும். ஆனால் நான் கொடியவன் அல்ல. ஒருவரையும் வெட்ட மாட்டேன். ஐந்து நாழிகை தந்திருக்கிறேன். ஒரு கைக்கு அடங்குவதைக் கொண்டு போகலாம். வலை, வள்ளம், நகை எல்லாம் மன்னருக்கு.

— அஞ்சு நாழிகையா? பொறுங்க. ஒரு நாழிகை இருபத்திநாலு நிமிசம். ரெண்டு மணித்தியாலம்.

— போதுமான நேரம்.

— எனக்கு அப்ப எட்டு வயசு. யாழ்ப்பாணம், தொண்ணூறாம் ஆண்டு, ஒக்டோபர். இயக்கக்காரங்க ஒலிபெருக்கியில சொன்னாங்க, முஸ்லிம் சனமெல்லாம் ரெண்டு மணித்தியாலத்தில போயிடணும்ண்டு. உம்மா சோத்துப் பானையை எறக்கி, மூடியும் வச்சிட்டு வந்தா. ஆருக்கு மூடி வச்சாண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கல்ல. சந்தியில நிண்டவன் என்ட காதுத்தோட்டைக் கழட்டினான். அவன்ட வேர்வை நாத்தம் மூக்கில அப்பிடியே நிண்டிச்சு. நீங்க வந்த அண்டைக்கு அதே நாத்தம்.

— உன் தகப்பன் எதிர்த்தாரா?

— வாப்பா சலாம் சொல்லிட்டு நடந்தாரு.

— நல்ல குடிமகன்.

— தூ.

— துப்பியதைத் துடை. நான் மன்னரின் தளபதி.

— கடைசியாக் கேக்கிறேன். அந்த ஆணையை மீறேலாதா? ஒருக்கா மட்டும்?

— மீறினால் எனக்குள்ளே யார் மிஞ்சுவார்? தேடிப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் இல்லை. ஆணை சரியா பிழையா என்று நான் கேட்டதில்லை.

— அப்ப கண்டக்குழிக்கு நீங்க போகத் தேவல்ல. கூண்டு போற வருஷத்தை மாத்திட்டேன்.

— என்ன செய்தாய்?

— தொண்ணூறு, ஒக்டோபர். எங்கட தெரு, எங்கட வாசல். சனத்தோட சனமா வெறுங்கையோட நடந்து பாருங்க. அப்ப தெரியும் அஞ்சு நாழிகை எவ்வளவுண்டு.

— விடுதிக்காரர் உன் வேலையைப் பறிப்பார்.

— பறிக்கட்டும். கண்டக்குழிச் சனம் கரையில இருக்கும்.

— நிறுத்து, றுஷ்னா.

— கூண்டு சுத்தத் தொடங்கிட்டுது. இனி எனக்கும் நிப்பாட்டேலாது.

— சரி. அப்படியானால் ஒன்று மட்டும் சொல். அந்தத் தெருவில் ஆணையிடுபவர் யார்? அவருக்கும் ஒரு தளபதி தேவைப்படுமே.