பூங்காவுக்கு அடியில்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இப்போதுதான் துடைத்துப் போட்டேன், ஐயா. ஈரம் இருந்தால் சொல்லுங்கள், வேறு தருகிறேன். அழுக்கு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இந்தத் தீவில் துப்புரவு மேற்பார்வை வேலை கிடைத்தபோது, இதற்காகவே பிறந்தவன் போல ஒட்டிக்கொண்டேன். எல்லோரும் என்னை 'பளிச்' அண்ணன் என்பார்கள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.

சின்னத் தீவு. காலாற நடந்தால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடலாம். இங்கே குடியிருப்பவர்களைவிடச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். வரும்போது இரண்டு கையிலும் தூக்க முடியாமல் தூக்கி வருவார்கள், போகும்போது கையை வீசிக்கொண்டு போவார்கள். பாட்டில், டயப்பர், ஒரே நாள் போட்ட செருப்பு, காற்றுப் போன நீச்சல் வளையம் எல்லாம் எங்களுக்கு.

குப்பையை அக்கரைக்கு ஏற்றிப்போக ஒரு படகு உண்டு. கடல் கொந்தளித்தால் வராது. கொந்தளிக்காவிட்டாலும் படகுக்காரர் மனசு வைத்தால்தான் வரும். ஒருமுறை மூட்டைகள் துறையிலேயே குவிந்து ஈ மொய்த்தன. புதுமணத் தம்பதி ஒன்று மூக்கைப் பொத்திக்கொண்டே இறங்கியதை ஓட்டல் முதலாளி பார்த்துவிட்டார்.

"எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்கன்னு நான் கேக்கல. என் கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான்," என்றார்.

நியாயமான பேச்சு. மேட்டில், முன்பு கல் வெட்டி எடுத்த பள்ளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் போட்டேன். முதலில் மூட்டைகள். பிறகு ஜெனரேட்டரின் கழிவு எண்ணெய், பெயின்ட் டப்பாக்கள், சலவைக்கூடத்து மருந்துத் தண்ணீர், பழைய பேட்டரிகள். நிரம்பியதும் மண் தள்ளி மூடி, பூச்செடி வைத்து, பெஞ்சும் போட்டுப் பூங்கா ஆக்கிவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் சூரியன் கடலில் இறங்குவது அழகாகத் தெரியும். வருகிறவர்கள் ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சுத்தமான தீவு என்று அரசாங்கத்தில் கேடயம்கூடக் கொடுத்தார்கள். மேடையில் நான் அழுதுவிட்டேன்.

செடிகள் மட்டும் பிடிக்கவில்லை. வேறு வைத்தேன், அவையும் வேரோடு கருகின. கடைசியில் பிளாஸ்டிக் பூச்செடி வாங்கி நட்டுவிட்டேன். ஒருவர்கூடக் குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. அடிக்கடி நானே ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துவிடுவேன்.

மேட்டுக்கு நேர் கீழேதான் எங்கள் பணியாளர் குடியிருப்பு, அதன் கிணறு. செடி கருகியபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, நான் ஒன்றும் மக்கு இல்லை. அன்றிலிருந்து என் வீட்டுக்கு ஓட்டலிலிருந்து கேன் தண்ணீர் வரவழைத்தேன். கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

என் தங்கையும் அதே குடியிருப்பில், கடைசி வீட்டில் இருக்கிறாள். ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். ஒருநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி நாறுது. பாப்பா குடிக்கவே மாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பாருண்ணே."

"கொதிக்க வெச்சுக் குடு. சும்மா செல்லம் குடுத்துக் கெடுக்காதே," என்றேன்.

கொதிக்க வைத்தால் பேட்டரிச் சாறு போகாது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அண்ணன் சொல்லிவிட்டான் என்று, மூக்கைப் பிடித்து ஊற்றியிருக்கிறாள்.

பாப்பாவுக்கு முதலில் வாந்தி, அப்புறம் வலிப்பு. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் படகில் ஏற்றினோம். பாதி வழியில் என் மடியிலேயே அடங்கிவிட்டாள். 'மாமா, மாமா' என்று என் காலைச் சுற்றி வந்த குழந்தை, ஐயா. அடக்கம் முடிந்து வந்து, வாசலிலேயே நின்று கை கால் கழுவினேன், கேன் தண்ணீரில்.

பெண்டாட்டிக்குக் கேன் வாங்கத் தெரிந்தவனுக்குத் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். யோசிக்காமல் இருப்பேனா? அவள் வீட்டுக்கும் ஒரு கேன் அனுப்பினால் ஏன், எதற்கு என்று குடைவாள். சொன்னால் குடியிருப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் குடிக்கிறார்களே என்று கத்துவாள். அப்புறம் பூங்காவைத் தோண்டுவார்கள், சீசன் படுத்துவிடும், எத்தனை பேர் பிழைப்பில் மண் விழும்?

பள்ளத்தில் கொட்டியது நான்தான். தண்ணீர் விஷம் என்று தெரிந்தும் அவர்களைக் குடிக்க விட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பாப்பா விஷயத்தை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். அவள் அம்மாவுக்குக் கொஞ்சம் வாயடக்கம் இருந்திருந்தால், நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.