பொட்டு வைத்த எஞ்சினும் காத்திவாக்கத்து ராஜாத்தியும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் கலீலுல்லா ஐயா அவர்களே, அலையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் காத்திவாக்கத்துப் பெரியோர்களே, மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு முன்வரிசையைப் பிடித்த என் தாய்மார்களே, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு விசிலடிக்கும் தம்பிமார்களே! நுகர்வோர் மன்றத்தின் சார்பில் உங்கள் ஞானசெல்வியின் வணக்கம்!

இந்த விழா யாருக்கு? வாளெடுத்த வீரனுக்கா? வாக்கு கேட்டு வந்த தலைவனுக்கா? வாங்கிய பொருள் பழுது என்றதும் வாய்மூடி அழாமல், வாசலேறி வழக்காடினாளே என் தங்கை ராஜாத்தி, அவளுக்கு! தட்டுங்கள் கையை... இன்னும் பலமாக. கடைக்காரர் காதுக்குக் கேட்க வேண்டாமா?

ராஜாத்தியின் கணவர் சின்னப்பையன் படகுக்குப் புது எஞ்சின் வாங்கினார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டித்தான் கடலில் இறக்கினார்கள். அந்த எஞ்சின் என்ன செய்தது? சூடேறியதும் நின்றது! எங்கே நின்றது? துறைமுகத்துக்குக் கப்பல் வரும் வழியில் நின்றது! எதிரே மலை போல ஒரு சரக்குக் கப்பல். மனிதர் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறார், எஞ்சின் மூச்சே விடவில்லை. பக்கத்துப் படகு அம்புரோஸ் அண்ணன் கயிறு வீசிக் கரைக்கு இழுத்து வந்திராவிட்டால், இன்று இந்த மேடை ஏது? இந்த மாலை ஏது?

எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள் ராஜாத்தி. கடைக்காரர் எஞ்சினைப் பார்க்கவில்லை ஐயா, பொட்டைப் பார்த்தார்! "பொட்டு வெச்சு மாலை போட்டுட்டீங்க. இனிமே இது பழைய பொருள். திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். சிரிக்கிறீர்களா? நீங்கள் மட்டும் என்ன சொன்னீர்கள்? "பூசை போட்ட பொருளைத் திருப்பிக் குட்த்தா கடலம்மா கோவிச்சுக்குவா, வுட்ருடி!" அதோ, தலையைக் குனிகிற அக்கா, உங்களைத்தான்!

ராஜாத்தி விட்டாளா? "என் புருசன் வூடு வந்து சேரணும்னு பொட்டு வெச்சேன் நைனா. நீ வித்த கோளாற மறைக்கவா வெச்சேன்?" என்றாள். அடடா! கடைக்காரர் சுவரில் எழுதியிருந்ததைக் கைகாட்டினார்.

கேளுங்கள் தாய்மார்களே! பிழைப்புக்காக நாமே ஓட்ட வாங்கிய எஞ்சினுக்கும் நுகர்வோர் சட்டம் துணை நிற்கும். பழுதென்றால் சரிசெய், இல்லை மாற்றிக் கொடு, இல்லை பணத்தைக் கொடு! 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று சுவரில் எழுதிவைத்தால் சட்டம் அழிந்துவிடுமா?

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். உடனே கடைக்காரர் ஆப்பிள் பையோடு ராஜாத்தி வீட்டுக்கே ஓடிவந்தார். "உனக்கு மட்டும் புது எஞ்சின் தர்றேன்மா. புகாரை வாபஸ் வாங்கு. வெளியே மூச்சு விடாதே."

அடுப்பெரிய வழியில்லாத நேரம். சின்னப்பையனே சொன்னார்: "வாங்கிக்கலாம்மே. தொயில் இல்லாம எத்தினி நாளு குந்திகினு கீறது?" நியாயமான கேள்விதானே! அதற்கு என் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா?

"உன்ன இட்டாந்தாரே அம்புரோஸ் அண்ணன், அவரும் இதே எஞ்சின புச்சா வாங்கி மாட்டிகினு கீறாரு. நாளைக்கு அது நின்னா, யாரு கயிறு போட்றது?"

கடைக்காரர் ஆப்பிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராஜாத்தி குப்பம் குப்பமாக ஏறி இறங்கினாள். அதே எஞ்சின் வாங்கிய அத்தனை பேரையும் திரட்டினாள். பூசைக்குப் பயந்தவர்கள் எல்லாம் புகாருக்கு வந்தார்கள். அத்தனை எஞ்சினையும் மாற்றிக் கொடு என்று ஆணையம் உத்தரவிட்டது! மாறியது! தனக்கு மட்டும் கிடைத்ததைத் தள்ளி, தன் ஊருக்கே கேட்டு வாங்கிய இந்தப் பெண்ணுக்கு முன்னால் நிற்க எனக்குப் பெருமையாக இருக்கிறது, கண்ணும் கலங்குகிறது.

சின்னப்பையன் எங்கே என்று கேட்கிறீர்களா? கடலுக்குப் போயிருக்கிறார். "மனைவிக்கு மாலை போடுகிற நாளில் மீனா முக்கியம்?" என்று நானும் கேட்டேன். ராஜாத்தி சிரித்தாள். "எஞ்சினு நல்லா கீதுக்கா. போய்ட்டு வரட்டும்."

போய்ட்டு வரட்டும்! அந்தச் சொல்லை ஒரு மனைவி பயமில்லாமல் சொல்ல முடிகிறதே, அதற்குப் பெயர்தான் உரிமை! அதற்குத்தான் போராடினாள் ராஜாத்தி!

வெயிலைப் பொறுத்து என் பேச்சையும் பொறுத்த உங்களுக்கு நன்றி. வணக்கம்!