பாதி மாத்திரை

ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவன், மனைவி. ஒட்டுக் கேட்கக் கூடாதுதான். பஸ்ஸில் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

டிக்கெட்டைத் தேடி அவர் சட்டைப்பையில் கையை விட்ட அந்த அம்மாள், ஒரு காகித மடிப்பைப் பிரித்தார். உள்ளே, பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள்.

“ஏனுங்க, இது உங்க கொழுப்பு மாத்திரைதானுங்க?”

“ஆமா. பாதி நான் போட்டுக்கறேன். மீதி உனக்கு. சொன்னா வைவீன்னு வச்சிருந்தேன்.”

“எனக்கெதுக்குங்க?”

“மாரடைப்பு வராம இருக்கத்தான் இந்த மாத்திரைன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? நம்மூட்டுல ரெண்டு பேரும் ஒரே சட்டிக் கொழம்பத்தான திங்கறோம். எனக்குக் கொழுப்பு இருந்தா உனக்கும் இருக்குமில்ல?”

அம்மாள் காகிதத்தைப் பழையபடி மடித்து அவர் பையிலேயே வைத்தார்.

“அதான் இன்னிக்கும் ஆஸ்பத்திரியில கொழுப்பு எறங்கலைன்னாங்க. நாளையிலிருந்து முழுசாப் போடுங்க. எனக்கு வேணுமான்னு என்ற ரத்தத்தப் பாத்துச் சொல்லட்டும். ஊசின்னா நொம்ப பயமுங்க. கூட வருவீங்களா?”

“கூட வர்றதுக்குத்தான புள்ள, மாத்திரையே.”