கிட்னிக்கு வந்த எதிர்ப்பு

"மனிசனை மனிசன் பிரதி எடுக்கிறதாம். நஊதுபில்லாஹ்!"

புத்தளத்திலிருந்து சிலாபம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும், விரலில் உருண்டுகொண்டிருந்த என் தஸ்பீஹ் மணி பாதியில் நின்றது. பக்கத்தில் அவருடைய நானா, கூடப்பிறந்த மூத்தவர். இரண்டு கிட்னியும் பழுதாகி, இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்பது அவர்கள் கதைத்ததிலேயே விளங்கியது.

"முழு மனிசன் இல்லடா. குளோனிங்கால என்ட உடம்புக் கலத்தில இருந்தே கிட்னி வளர்க்க ஏலுமாண்டு ஆராயுறாங்களாம். உடம்பும் அத வேணாமெண்டு தள்ளாதாம்."

"ஹராம், நானா. நேத்து டீவியில மௌலவி, பாதர், பன்சலை புத்த ஹாமதுரு மூணு பேரும் எதிர்த்தாங்க."

"வேற ஒண்டுக்கும் ஒத்துப்போகாதவங்க, என்ட கிட்னிக்கு எதிரா ஒண்டு சேர்ந்துட்டாங்களா? மாஷா அல்லாஹ்! சரி, அத விடு. உன்ட கிட்னி எனக்குப் பொருந்துமெண்டு டாக்டர் சொல்லி எவ்வளவு நாள்?"

"பண்ணையில இறால் பிடிச்சு முடியட்டுமே, நானா. பொஞ்சாதியும் பயப்படுறா."

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முழு மாடு அறுத்து, சொந்தக்காரங்களுக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கெண்டு நிறுத்துக் குடுத்த ஆளில்லையா நீ? அது மாட்டுட உடம்பு எண்டதால லேசு, என்ன?"

தம்பி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பண்ணை இருக்கும் முந்தல் வந்ததும் இறங்க எழும்பியவர், குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"நானா, அந்தக் கிட்னி வளர்க்கிற வேலை எப்ப முடியுமாம்?"

"ஹராமான வேலைதானே, தம்பி. கெதியா முடிய நீயே அல்லாஹ்ட்ட துஆக் கேள்."