மீட்டர் கெட்டிருக்கட்டும்

வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில், பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்க முடியாத என் கனமான புத்தகத்தை மூடுவதற்கு முன்சீட்டுக்காரர் நல்ல சாக்குக் கொடுத்தார்.

"மாதாகிட்ட வேண்டிக்க, இந்த மீட்டர் கெட்டிருக்கணும்னு." மடியில் துண்டு சுற்றிய மீட்டர். பக்கத்தில் மனைவி.

"எல்லாரும் நல்லாயிருக்கணும்னு வேண்டுவாங்க. உங்களுக்கு மட்டும் தலைகீழு."

"இது, நான் பேசுற ஹாம் ரேடியோவுலேருந்து ஆன்டெனாவுக்கு முழுப் பவரும் போவுது, எதுவும் திரும்பி வரலைன்னு காட்டுது. நாகப்பட்டினத்து நண்பர்கிட்ட சரியான மீட்டர் இருக்கு, வச்சு ஒப்பிட்டா தெரிஞ்சிரும். பவர் கம்மியாப் போயிருந்தா, நான் கூப்பிடுறது, ரேடியோவுல எங்கூடப் பேசுற அந்தமான்காரருக்குக் கேட்டிருக்காதுல்ல?"

"மழைக்கு முன்னாடி கடைசியாப் பேசுனவரு, அப்புறம் பதிலே இல்லை. தினம் காலையில 'அண்ணே, அண்ணே'ன்னு கத்துறீங்க. இத்தனை வருசத்துல ஒரு போன் நம்பர் வாங்கத் தோணலை."

"ரேடியோ இருக்கையில போன் எதுக்குன்னு இருந்துட்டோம். அவருக்குக் கேக்கலை, அவ்வளவுதான். வேற ஒண்ணும் இருக்காது."

பஸ் வேளாங்கண்ணியைத் தாண்டியது. பிறகு மீட்டரிலிருந்து நழுவிய துண்டை அந்த அம்மாள் இழுத்துச் சுற்றினார்.

"இது சரியாத்தான் காட்டுதுன்னு சொன்னாங்கன்னா, அங்கயே மனசு விட்டுறாதீங்க. ஆன்டெனா வயரும் பழசுதான். அதையும் மாத்திப் பாப்போம்."