மூளைக்குப் பேதி மருந்து

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவள் மடியிலிருந்த சிரப் பாட்டிலைப் பக்கத்துப் பெண்ணிடம் காட்டினாள்.

“புத்தி தெளியறதுக்குத்தான்க்கா இந்தப் பேதி மருந்து.”

அவள் கணவர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார்.

“மூளைக்குப் பேதி மருந்தா?”

“கல்லீரல் கெட்டுப்போச்சுக்கா. அது வடிகட்டாத விஷம் தலைக்கு ஏறுதாம். தினம் ரெண்டு மூணு தரம் வயித்தால போனாத்தான் நிதானமா இருப்பாராம். இவரு என்கிட்ட சொல்லாம மருந்த நிறுத்திட்டாரு.”

“ஏன்?”

“கம்பெனில லைன்ல நின்னு வேலை. மாத்து ஆள் வந்து நின்னாத்தான் பாத்ரூம் போவ முடியும். அடிக்கடி ஆள் கேக்க வெக்கம். போன வாரம் எந்த போல்ட்ட எங்க மாட்டறதுன்னே தெரியாம நின்னிருக்காரு. குடிச்சிட்டு வந்திருக்கான்னு சொல்லி, கம்பெனி கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. கல்லீரல் காமாலையில கெட்டதுக்கா. இவரு குடிச்சதே இல்ல.”

“சூப்பர்வைசர்கிட்ட வெவரமா சொல்றதுதானே?”

“லிவருன்னு சொன்னாலே சிரிக்கறாங்க. இப்பல்லாம் அப்பப்ப கைய நீட்டச் சொல்லிப் பாக்கறேன். கோழி றெக்க மாதிரி அடிச்சுக்கிட்டா, ஏறிடுச்சுன்னு அர்த்தம்.”

சூளகிரியில் பக்கத்துப் பெண் இறங்கினாள். அசைவில் கணவர் விழித்துக்கொண்டார்.

“கையக் காட்டுங்க.”

பஸ்ஸை நிறுத்துபவரைப் போல அவர் உள்ளங்கையை விரித்து ஜன்னல் பக்கம் நீட்டினார். கை படபடவென்று அடித்துக்கொண்டது.

அந்தக் கை ஏன் அடித்துக்கொள்கிறது என்று தெரிந்திருந்தும், கீழே நின்ற பெண் சிரித்த முகத்தோடு அவருக்கு டாட்டா காட்டினாள். அவரும் சிரித்தார்.