பளபள கேட்கல

— என்னடி, டம்ளரைப் போய்க் காதுல வச்சிருக்க?

— பளபளன்னு இருக்கும்னு படிச்சிருக்கேனே. ஒண்ணுமே கேட்கல.

— அடிப் பைத்தியக்காரி! பளபள கண்ணுக்கு.

— குழாய்த் தண்ணி மட்டும் சளசளன்னு காதுக்குக் கேட்குதே? மூணு வயசு ஜுரத்துல போன காது, ஆபரேஷன் புண் ஆறி, இன்னிக்குத்தான் மெஷின் மாட்டித் திரும்பி வந்திருக்கு. எனக்கு எப்படித் தெரியும், எது காதுக்கு, எது கண்ணுக்குன்னு?

— கமகம மூக்குக்கு. அதையும் கேட்டுப் பார்க்காதே.

— யாருங்க இதையெல்லாம் பிரிச்சு வச்சது?

— யாரும் உட்கார்ந்து செஞ்சிருக்க மாட்டாங்க. தண்ணி சொன்னதை மனுஷன் திருப்பிச் சொல்லியிருப்பான். டம்ளர் வாயைத் திறக்கல, அதுக்கும் சேர்த்து அவனே பேசிட்டான்.

— இருங்க, கதவைச் சாத்துறேன். அட! டப்புன்னுதான் கேட்குது! புஸ்தகத்துல எழுதினவன் பொய் சொல்லல.

— ஏன் திடீர்னு முகம் வாடிப்போச்சு?

— எல்லாம் கேட்குது. உங்க குரல் மட்டும் வரலைங்க.

— வரலையா? இவ்வளவு நேரம் பதில் சொன்னியே!

— வழக்கம்போல உதட்டைப் பார்த்துத்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வண்டியில வர்றப்ப இரைச்சல்னு நினைச்சேன். இங்கயும் வரல. நர்ஸ் பேசினது நல்லாவே கேட்டுச்சு, தொணதொணன்னு.

— என் குரல் கணீர்னு இருக்கும்டி. ஆபீஸ்ல கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும்.

— அதைக் கேட்கத்தானே தலையைக் கிழிச்சுக்கச் சம்மதிச்சேன்! தண்ணியும் கதவுமா எனக்கு வேணும்?

— அழாதேடி. நாளைக்கே போய் மெஷினைச் சரிபண்ணச் சொல்வோம்.

— என்னம்மா, யார்கிட்ட பேசிட்டிருக்க? படியேறி வர்றேன், உன் குரல் மட்டும்தான் கேட்குது.

— வாடி மகளே. உங்கப்பாகிட்டதான். பாவம், மனுஷன் தொண்டை வத்தப் பேசுறார், மெஷின்ல ஏறவே மாட்டேங்குது.

— அப்பா, எங்க, ஏதாவது பேசுங்க.

— காலையிலேர்ந்து பேசிட்டுத்தானே இருக்கேன்!

— ஐயோ அப்பா, எனக்கே கேட்கலையே! எப்பவும் அம்மாகிட்ட பேசற மாதிரி வாயைத்தான் அசைக்கிறீங்க. அம்மாவுக்குக் காது வந்தாச்சு, தொண்டையைத் திறங்கப்பா!